நம் சிக்னல் கேபின்: 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன பொதுக்குழுவில் அறிக்கை ரொம்பச் சுருக்கமாக இருக்கிறது, ஆண்டு முழுக்க என்ன நடந்தது என்றே தெரியவில்லை என்று பலர் சொன்னீர்கள். அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை.

முதலில் கட்டடம், அதாவது ரயில்களுக்குப் பாதையைத் திருப்பி சிக்னல் கொடுத்த இந்தப் பழைய கேபின். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ் அறையில் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. கீழே சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசிவிடலாம், சீக்கிரம் முடியும் என்று ஒரு யோசனை வந்தது. செயற்குழு அதை ஏற்கவில்லை, அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பு செங்கல்லையே அரித்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க நாளானது, ஆனால் வேலை சுத்தமாக முடிந்திருக்கிறது.

மேல் தளத்தில் ஜன்னல் சட்டங்களைக் கழற்றியபோது கண்ணாடி உட்காரும் காடியில் கறுப்பாக மாவு மாதிரி தூசு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நிலக்கரி. துறைமுகத்திலிருந்து கரி வேகன்கள் ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக இந்தப் பக்கம் போன காலத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்று, அந்தச் சரக்கெல்லாம் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. அந்தத் தூசில் கொஞ்சத்தை ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் எடுத்து வைத்திருக்கிறோம். வருகிறவர்களுக்கு அதையும் காட்ட வேண்டும், அதுவும் இந்த ஊரின் கதைதான்.

அடுத்து லீவர்கள், அதாவது பாதையையும் சிக்னலையும் மாற்றக் கையால் இழுக்கும் இரும்புத் தண்டுகள். நம் கைக்கு வருமுன் யாரோ எல்லா லீவருக்கும் ஒரே அலுமினிய பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். அதைப் பொறுமையாகச் சுரண்டினால் அடியில் பழைய நிறம் இருந்தது. கைகாட்டி சிக்னலுக்குச் சிவப்பு, தண்டவாளம் பிரியும் இடமான பாயிண்டுக்குக் கறுப்பு, பாயிண்டை அசையாமல் பூட்டும் லாக்குக்கு நீலம், எதோடும் இணைக்காத லீவருக்கு வெள்ளை. இப்போது அதே நிறங்களில் இருக்கின்றன. பிடியை மட்டும் பெயின்ட் அடிக்காமல் பளபளவென்று விட்டிருக்கிறோம். கேபின்மேனாக இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் முதல் நாளே சொல்லிவிட்டார், வெறுங்கையால் யாரும் தொடக்கூடாது, நம் கடல் காற்றுக்கும் வேர்வைக்கும் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும் என்று. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் துணி பிடித்துத்தான் லீவர் இழுக்கிறோம். பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் இதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள், சந்தோஷம்.

அப்புறம், இந்த ஆண்டில் மறக்க முடியாத நாள் 2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை. காலையில் ஒவ்வொரு லீவருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை, சுண்டல் கொடுத்து, குடும்பத்தோடு வந்த எல்லோரும் சிரித்த முகத்தோடு திரும்பிப் போனோம். அன்று இரவு எட்டரை மணிவாக்கில் கவரைப்பேட்டையில் விபத்து. பெரம்பூரில் நின்றுவிட்டு இதே கூடூர் பாதையில், நம் ஜன்னலைத் தாண்டிப் போன மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் நேராகப் போக சிக்னல் கிடைத்தும் பக்கத்தில் பிரியும் லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீப்பிடித்தது, பலர் காயமடைந்தார்கள். ஒரு உயிரும் போகவில்லை என்பதுதான் அன்றைக்கு நமக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 2-ல் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இதே மாதிரி லூப் லைனுக்குள் போய்த்தான் அத்தனை உயிர்கள் பறிபோயின.

அடுத்த சனிக்கிழமைகளில் கேபினுக்கு வந்த கூட்டம் வழக்கமான கூட்டம் இல்லை. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பச்சை விழுந்த வண்டி எப்படி வேறு பாதைக்குப் போகும்? மூத்த உறுப்பினர் ஒரு பையனைக் கூப்பிட்டு, "இந்தச் சிவப்பு லீவரை இழு பார்க்கலாம்" என்றார். அவன் முழு பலத்தையும் போட்டு இழுத்தான், அசையவில்லை. கறுப்பு லீவரைத் திருப்பி, நீல லீவரால் லாக் போட்ட பிறகு இழுக்கச் சொன்னார், வந்துவிட்டது. "நானே தப்புப் பண்ணணும்னு நினைச்சாலும் இது விடாதுப்பா" என்றார்.

தரைக்கு அடியில் இருக்கும் பட்டைகளில் வெட்டிய காடிகள், பூட்டுக்குள் சாவிப் பல் உட்காருவதுபோல ஒன்றில் ஒன்று உட்கார்ந்து, பாயிண்ட் சரியாக அமையாதவரை கைகாட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்டர்லாக்கிங் என்பது அதுதான். இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி இதற்கு முதல் காப்புரிமை வாங்கியது 1856-ல், நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய அதே ஆண்டு. லீவர் திரும்பினால் மட்டும் போதாது, பாயிண்டில் நகரும் தண்டவாள நாக்கு நிஜமாகவே போய் ஒட்டியதா என்று பார்க்க வெளியே டிடெக்டர் என்று ஒன்று உண்டு. நாக்கு முழுதாக ஒட்டாவிட்டால் அதிலுள்ள காடிகள் நேர்படாது, கைகாட்டிக் கம்பி நகராது. இப்போது மோட்டாரும் கம்ப்யூட்டரும் அந்த வேலையைச் செய்கின்றன, கேள்வி அதே கேள்விதான்.

இங்கேதான் நம் குறை. லீவரை இழுத்துக் காட்டலாம், காடியைக் காட்டலாம். அதற்கு மேல் காட்ட ஒன்றும் இல்லை. கீழ் அறையிலிருந்து வெளியே போன ராடுகள் சுவர் ஓரத்தோடு அறுபட்டு நிற்கின்றன, கம்பிகள் ஓடிய உருளைகள் போய்விட்டன, கைகாட்டி மரம் எப்போதோ இறங்கிவிட்டது. ராடால் பாயிண்டை ஒரு தூரத்துக்கு மேல் இழுக்க முடியாது என்பதால்தான் ஒரு ஸ்டேஷனுக்கு இரண்டு முனையிலும் கேபின் வைத்தார்கள். வெளியே இருந்தவற்றுக்காகவே இந்தக் கட்டடம் இங்கே நிற்கிறது. சுண்ணாம்பு அடித்து, பெயின்ட் அடித்து, படம் எடுக்க அழகாக வைத்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டால், இன்னும் சில ஆண்டில் இது எதற்குக் கட்டியது என்று யாருக்கும் தெரியாது.

வெளியே மாறிக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன். கேபினுக்கு எல்லாப் பக்கமும் ஜன்னல் வைத்ததே வண்டியின் கடைசிப் பெட்டிவரை கண்ணால் பார்த்து, முழு வண்டியும் வந்துவிட்டது என்று உறுதி செய்யத்தான். கிழக்கே ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய புதிதில், புது வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே தூண் மேல் ரயில் போவது நம் மாடியிலிருந்து தெரியும், இப்போது மறைந்துவிட்டது. மேற்கே ராத்திரியில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுடர் இன்னும் தெரிகிறது. வீடு வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த வீடுகளில் இருப்பவர்கள் பலர் நம் உறுப்பினர்கள்தான். பக்கத்தில் வேலை எடுத்த ஒரு ஒப்பந்தக்காரர் நம் வடக்குச் சுவரை ஒட்டி இடிபாடுகளைக் கொட்டியதில் மட்டும் நிஜமாகவே கோபம். திரும்பத் திரும்பச் சொல்லி, ஐப்பசி மழைக்கு முன்னால் நாமே கூலி கொடுத்து அள்ளினோம்.

ஆகவே செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, நம் வளாகத்துக்குள்ளேயே ஒரு ஜோடி பாயிண்ட், ஒரு டிடெக்டர், ஒரு கைகாட்டி வைத்து, லீவர்களோடு ராடாலும் கம்பியாலும் இணைப்பது. ஓடும் பாதையோடு எந்தத் தொடர்பும் இருக்காது. ரயில்வேயிடம் அனுமதியும் கழித்துப்போட்ட பழைய பாகங்களும் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், போத்தனூர் சிக்னல் பணிமனைக்கும் வரைபடம் கேட்டு எழுதலாம். இரண்டு, முறையாக அனுமதி வாங்கி, ஒவ்வொரு ஆயுத பூஜை அன்றும் நான்கு பக்க ஜன்னலிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்துத் தேதி போட்டு வைப்பது. பழைய படம் யாரிடமாவது இருந்தால், கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் கேபின் தெரிந்தாலும் போதும், கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம்.

சனிக்கிழமை தவறாமல் வந்து கிரீஸ் பூசியவர்களுக்கும், டீ போட்டுக் கொடுத்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், இந்த வயதிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி வரும் மூத்த உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். முதல் தீர்மானத்துக்கு வெல்டிங் தெரிந்தவர்கள் கட்டாயம் தேவை, இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்