ஓட்டுநர் எப்போது தூங்குவார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளியூர்ப் பயணத்துக்கு வாடகை கார் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல் யார் கட்ட வேண்டும், மலைப்பாதைக்குத் தனியாகக் கேட்பார்களா என்று எல்லாம் விவரமாக இருந்தது. முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளையும் வரிசையாகப் போட்டிருந்தீர்கள். ஒரு கேள்வி மட்டும் அதில் விட்டுப்போயிருக்கிறது. வண்டி ஓட்ட வருகிறவர் கடைசியாக எப்போது தூங்கினார்? அதைக் கேட்காமல் வண்டி ஏறியவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன தை மாதம், பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த ராஜபாளையம் பக்கம் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினோம். ரயிலில் இடம் கிடைக்கவில்லை. மருமகன் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார். நானும், முட்டி வலிக்காரரான என் கணவரும், மகளும் கைக்குழந்தையும், போகும் வழிக்கு மட்டும் வாடகை வாங்கும் டிராப் டாக்ஸியில் போவது என்று முடிவானது. தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய 540 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 400, டோல் தனி. பேட்டாவை 300 ஆக்க முடியுமா என்று நானே போனில் பத்து நிமிடம் பேசினேன். ராத்திரி பத்து மணிக்கு வண்டி வந்தது.

பரனூர், ஆத்தூர் டோல் தாண்டும் வரை ஓட்டுநர் தம்பி நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டிக்கு அப்புறம் பேச்சு குறைந்தது. ஏசியை நிறுத்திவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். கடலை மிட்டாயை ஒவ்வொன்றாகப் பிரித்து மென்றார். ஒரு தடவை பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றிப் பிடரியில் அறைந்துகொண்டார். இதெல்லாம் என் கண்ணில் பட்டது. பட்டும், பாவம் வெக்கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தை மாத ராத்திரியில் என்ன வெக்கை?

திருச்சி தாண்டித் துவரங்குறிச்சியை நெருங்கும்போது மணி நாலு இருக்கும். வண்டி மெல்ல வலது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. சாலை நடுவில் வளர்த்திருக்கும் அரளிச் செடியின் கிளைகள் கண்ணாடியில் சரசரவென்று உரசின. "தம்பி!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை அலறிவிட்டது. அவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பி, இடது ஓரமாக வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அந்த நிமிடம் அது இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

"கண்ணு அசந்துட்டேம்மா, மன்னிச்சிருங்க" என்றார். கை நடுங்கியது. எப்போது தூங்கினாய் என்று கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. அப்புறம்தான் சொன்னார். முந்தின ராத்திரி திருப்பதி சவாரி. விடிந்ததும் திரும்பி வந்து, காலையில் விமான நிலையத்துக்கு ஒரு சவாரி. மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்திருக்கிறார், அதற்குள் ஓனரிடமிருந்து போன். "வேணாம்னு சொன்னா அடுத்த ட்ரிப் எனக்கு வராதும்மா."

டீக்கடை ஒன்றின் ஓரமாக வண்டியைப் போடச் சொன்னேன். சீட்டைச் சாய்த்தவர், செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே தூங்கிப்போனார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அவரைத் தூங்கவிட்டோம். கோயிலுக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆனது. பத்து மணிக்கு மொட்டை போட்டாயிற்று. ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டணக் கணக்கே அவரைத் தூங்கவிடாமல்தான் போடப்பட்டிருக்கிறது. டிராப் டாக்ஸி என்றால் நமக்கு ஒரு வழிக் கட்டணம்தான். ஆனால் வண்டி ஊர் திரும்பியாக வேண்டும். காலியாக வந்தால் டீசல் நஷ்டம். அதனால் இறக்கிவிட்ட ஊரிலேயே அடுத்த சவாரி எப்போது கிடைக்கிறதோ, அப்போதே கிளம்ப வேண்டும். தூங்கி எழுந்து வருகிறேன் என்றால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

போய்த் திரும்பும் சவாரியில் இன்னொரு விதம். பெரும்பாலான இடங்களில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், ஒரு பேட்டா என்று கணக்கு. அந்த நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி மறுநாள் நள்ளிரவு 12 மணிக்கு முடிகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் கணக்காகிவிடும் என்று, நம் வீடுகளில் சரியாகப் பன்னிரண்டே காலுக்கு வண்டியை வரச் சொல்கிறோம். அதே நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்குள் வீடு வந்து சேர வேண்டும் என்று ஓட்டுநரை விரட்டுகிறோம். நானும் அப்படித்தான் திருவண்ணாமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் போய் வந்திருக்கிறேன். ஒரு நாள் வாடகை மிச்சம் என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இருபத்து நாலு மணி நேரமும் அந்த மனிதர் விழித்திருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு என்று 1961-லேயே தனிச் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேர வேலை, தொலைதூரம் என்றால் 10 மணி நேரம் வரை, தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு என்று அது எழுதிவைத்தது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஒற்றைக் கார் ஓனரிடம் வேலை பார்ப்பவரும், கடன் வாங்கித் தானே வண்டி எடுத்து ஓட்டுபவரும் அதற்குள் வரவில்லை. நாம் போன் செய்து கூப்பிடுகிறவர்களில் பலர் இவர்கள்தான்.

சரி, ராத்திரி வெளியூரில் தங்குகிறோம், அப்போதாவது அவருக்குத் தூக்கம் உண்டா? இரண்டு வருடத்துக்கு முன் நவக்கிரகக் கோயில்களுக்குப் போனபோது கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். எங்களுக்கு ஏசி அறை. விடியற்காலையில் காபி வாங்க இறங்கி வந்தேன். கார் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, மடக்கிய காலோடு பின்சீட்டில் படுத்திருந்தார் ஓட்டுநர். கொசுவர்த்திச் சுருள் டயர் பக்கத்தில் சாம்பலாகிக் கிடந்தது. குளிக்க எங்கே போவீர்கள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் கட்டணக் குளியலறை இருக்கிறது என்றார். அன்று அவர் எங்களை வைத்துக்கொண்டு சூரியனார்கோயில், கஞ்சனூர், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று சுற்ற வேண்டியிருந்தது. அந்த முதுகோடு!

2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. ஹோட்டல்களும் விடுதிகளும், தங்க வருகிறவர்களின் ஓட்டுநர்கள் படுத்து எழ, கட்டடத்துக்குள்ளேயோ பக்கத்திலேயோ படுக்கையும் கழிப்பறையும் குளியலறையும் செய்து தர வேண்டும் என்று விதி வந்தது. மிக நல்ல விதி. அதற்குப் பின்னும் நான் தங்கிய லாட்ஜுகளில் டிரைவர் ரூம் எங்கே என்று கேட்டால் ரிசப்ஷனில் இருப்பவர் என்னை வினோதமாகத்தான் பார்க்கிறார். கல்யாண மண்டபங்களும் அப்படியே. மாப்பிள்ளை அறை, பெண் அறை எல்லாம் உண்டு. முப்பது காரில் ஆள் கொண்டுவந்து இறக்கியவர்கள் புளியமரத்தடியில் பேப்பர் விரித்துப் படுக்கிறார்கள்.

துவரங்குறிச்சிக்கு அப்புறம் எங்கள் வீட்டில் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டோம். ராத்திரிப் பயணமே கிடையாது, விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் கிளம்புவது. வண்டி பேசும்போதே ஓட்டுநரின் நம்பரை வாங்கி, முந்தின ராத்திரி அவருக்கு வேறு சவாரி இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறோம். தங்கும் ஊரில் அவருக்கும் ஒரு படுக்கைக்கு நாங்களே பணம் கட்டுகிறோம். இரண்டு நாள் பயணத்தில் இதனால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு கூடுகிறது. எல்லாருக்கும் இது முடியும் என்று சொல்ல மாட்டேன். சிகிச்சைக்காக வேலூருக்கும் மதுரைக்கும் கடன் வாங்கி வண்டி பிடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் வண்டி அனுப்பும் நிறுவனங்களிடமிருந்து இது தொடங்க வேண்டும் என்கிறேன். ஒரு நீண்ட சவாரி முடித்த ஓட்டுநருக்கு எட்டு மணி நேரமாவது கழியாமல் அடுத்ததைக் கொடுக்கக் கூடாது. நள்ளிரவு 12 மணிக் கணக்கை விட்டுவிட்டு, கிளம்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று வைத்தாலே பாதி ராத்திரிப் பயணம் குறையும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழுக்கு எல்லா மாவட்டத்திலும் நிருபர்கள் இருக்கிறார்கள். மதுரை, கும்பகோணம், ராமேஸ்வரம், பழனி, கொடைக்கானல் என்று வெளியூர் கார்கள் அதிகம் வரும் ஊர்களில், ஓட்டுநர்களுக்கு அறை கொடுக்கும் விடுதிகள் எவை என்று நேரில் பார்த்து வெளியிடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போகலாம் என்றிருக்கிறோம். அதற்கு முன் வந்தால், அறை பதிவு செய்யும்போது அந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு தாம்பரம்.