யார் கேட்டாலும் சொல்லாதே, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

கிரிக்கெட் மேட்ச் அன்றைக்கு போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஊழல் தடுப்பு வகுப்பில் எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று சலித்துக்கொண்டாய். எனக்கென்னவோ அது சரியென்றுதான் படுகிறது அம்மா. யாருக்கு எங்கே வலி, நாளைக்கு யார் இறங்க மாட்டார் என்பதெல்லாம் டீமில் காயங்களைக் கவனிக்கும் பிசியோவான உனக்குத்தான் முதலில் தெரியும். சூதாடிக்கு அதுதான் காசு. டாஸுக்கு முன்பே விவரம் தெரிந்தவன், தெரியாதவனிடம் பெட் கட்டிப் பறித்துவிடுகிறான்.

வங்கதேச ஆட்டக்காரர் ஷகிப் அல் ஹசனுக்கு என்ன ஆனது? தரகன் ஒருவன் வாட்ஸப்பில் அணியின் உள்விவரம் கேட்டான். அதை அவர் அதிகாரிகளிடம் சொல்லவில்லை. மேட்சை விற்றதாக அவர்மேல் குற்றச்சாட்டே கிடையாது. சொல்லாமல் இருந்ததற்கே 2019-இல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி 2 ஆண்டு தடை போட்டது. அதில் 1 ஆண்டை நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கிப்ஸ். 2000-இல் நாக்பூரில் 20 ரன்னுக்குள் அவுட் ஆனால் 15,000 டாலர் என்று பேசியது வேறு யாருமில்லை, அவருடைய கேப்டன் ஹான்சி குரோனியேதான். சரி என்று தலையாட்டியவர் ஆடப்போய் 74 அடித்தார். ஆனாலும் 6 மாதம் தடை. அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்து ரசித்தவன் நான். மேலூர் வெயிலில் பிள்ளைகளை ஓடவிட்டு, "தோற்றாலும் ஒழுங்காத் தோத்துட்டு வாங்கடா" என்று அனுப்பிய பி.டி. வாத்தியாருக்கு, தான் ரசித்த ஆட்டத்துக்கு விலை பேசியிருந்தார்கள் என்பது எப்படி இருக்கும்? இன்றைக்கும் ஆறவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று உன் பெரியத்தை மகன் வந்திருந்தான். "மாமா, கயல் டீமில் அந்த ஃபாஸ்ட் பௌலருக்கு தோள்பட்டை சரியாயிருச்சா? வெள்ளிக்கிழமை ஆடுவாரா? சும்மா கேட்டுச் சொல்லுங்க" என்றான். எதற்கு என்று துருவினேன். கூட்டாளி ஒருவன் பெட் கட்டுகிறானாம். கேட்க மாட்டேன், நீயும் அவளுக்கு போன் போடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடிதம் கிடைத்த அன்றே டீமின் ஊழல் தடுப்பு அதிகாரியிடம் இதைச் சொல்லிவிடு. அவன் பெயர், என்ன கேட்டான், யாரிடம் கேட்டான், எல்லாவற்றையும் சொல். என்னை விசாரிக்க வேண்டுமென்றால் என் நம்பரையும் கொடு. பெரியத்தை கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா