பகடைச் சத்தம் கேட்கும் கதைகள்

அங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்புள்ள நசீமா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபத்தில்தான் பதில் போடாமல் வைத்திருந்தேன். "விளையாட்டிலிருந்து பிறந்த நாவல்களில் பகடை உருளும் சத்தம்தான் கேட்கிறது, மனிதக் குரல் கேட்கவில்லை" என்று எழுதி, என் அலமாரியில் பாதியை ஒரே வரியில் குப்பைக்கு அனுப்பிவிட்டாய். பெர்த்துக்குக் குடிபோனதிலிருந்து உன் தீர்ப்புகள் எல்லாம் சுருங்கிவிட்டன. இங்கே இருந்தபோது ஒரு புத்தகத்தைத் திட்டி முடிக்க உனக்கு இரண்டு கோப்பை தே தாரிக்காவது வேண்டியிருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தியை முடித்துவிடுகிறேன். அவருடைய முழங்கால் பரவாயில்லை. மின்தூக்கி வரை ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். அதற்கு மேல் நடக்கச் சொன்னால்தான் வலி வருகிறது. காப்பிக்கடைக்குக் கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை. சின்னவன் தேசிய சேவையில் இருக்கிறான். வாரக் கடைசியில் பை நிறைய அழுக்குத் துணியோடு வருகிறான், சாப்பிடுகிறான், பிறகு கைப்பேசியில் ஏதோ கொரியத் தொடர்கதைக்குள் போய்விடுகிறான். பெரியவளைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

இந்த வழக்கு ஸ்டாம்ஃபர்டு சாலையில் இருந்த செங்கல் நூலகத்தில் தொடங்கியது. (2004இல் அதை மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்துவிட்டார்கள். பஸ் அந்தப் பக்கம் போகும்போது இன்றும் நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன்.) நீ டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று தொகுதிகளையும் யாருக்கும் தராமல் மாறி மாறிப் புதுப்பித்து வைத்திருந்தாய். என் கையில் 'த வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்'. 1982இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதியது. நானூறு துண்டுகளாக வெட்டிக் கலைத்துப் போட்ட கதை. இரண்டு பகடையும் பென்சிலும் அழிப்பானும் இருந்தால் படிக்கிறவளே நாயகி. எந்தக் கதவைத் திறப்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்டுக் கேட்டுப் பக்கங்களைப் புரட்ட வைக்கும். மந்திரவாதியைக் கொன்ற பிறகும் பெட்டகத்துக்குச் சரியான சாவிகள் கையில் இல்லாவிட்டால் அத்தனை பாடும் வீண்.

இதெல்லாம் ஒரு புத்தகமா என்று சொல்லிக்கொண்டே நீயும் வாங்கிப் படித்தாய். செத்துப்போனால் திரும்பி வர வசதியாக முந்தைய பக்கங்களில் விரல்களை இடுக்கி வைத்துக்கொண்டு படித்தாய். உன் விரல் போதாமல் என் விரலையும் கடன் கேட்டாய். டோல்கீனைப் படிக்கும்போது யாரும் அப்படி விரல் வைத்துக்கொள்வதில்லை. அவருடைய நாயகன் ஃப்ரோடோவுக்குக் குத்துப்பட்டால் பட்டதுதான். ஊர் திரும்பி, எல்லாம் நல்லபடி முடிந்த பிறகும் அந்தக் காயம் ஆண்டுதோறும் அதே நாளில் வலிக்கிறது. கடைசியில் அவன் ஊரைவிட்டே போக வேண்டியிருக்கிறது. இந்த இடத்தை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன். அந்தக் கனம் விளையாட்டுக் கதைகளில் அபூர்வம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்துகிற 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் செத்தவனை எழுப்பப் பூசாரியின் மந்திரம் ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட உலகத்தில் மரணத்துக்கு என்ன மரியாதை? (டோல்கீனின் மந்திரவாதி கந்தால்ஃப் மட்டும் செத்துத் திரும்பி வரலாமா என்று நான் கேட்டால் நீ ஒரு வாரம் பேச மாட்டாய். அதனால் கேட்கவில்லை.)

ஆனால் "தூய ஃபேன்டசி" ஒரு பக்கம், "விளையாட்டுக் கழிவு" ஒரு பக்கம் என்று நீ கோடு கிழிப்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அந்த ஆட்டத்தை வெளியிட்டபோது அதில் மந்திரம் வேலை செய்த விதம் ஜாக் வான்ஸிடமிருந்து வந்தது. 1950இல் வெளியான அவருடைய 'த டையிங் எர்த்' கதைகளில் மந்திரவாதி காலையில் ஏட்டைப் பார்த்துச் சில மந்திரங்களை மனப்பாடம் செய்துகொள்வான். ஒன்றைச் சொல்லி முடித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மறுபடி படித்தாக வேண்டும். நாவலில் அது ஒரு விநோதமாக இருந்தது. ஆட்டத்தில் விதியாகி, அந்த ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர்கள் எழுதிய நாவல்களில் மறுபடி கதையாகிவிட்டது. இதில் யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில் வளர்ந்தது என்று பிரித்துச் சொல், பார்க்கலாம்.

நீ குறிவைத்துத் திட்டியது அந்த ஆட்டத்தை ஒட்டி வந்த 'டிராகன்லான்ஸ்' நாவல் வரிசையை. மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதி 1984இல் வந்த முதல் நூலைப் பற்றி நீ சொன்னது பாதி சரி. ஆட்டத்துக்கென்று தயாரான தொகுப்புகளும் நாவலும் ஒரே காலத்தில் உருவானவை. நாவல் அவற்றின் தடத்திலேயே நடக்கிறது. ஓர் அறை, ஒரு சண்டை, ஒரு புதையல், அடுத்த அறை. நானும் கொட்டாவி விட்டிருக்கிறேன். ஆனால் மனிதக் குரல் கேட்கவில்லை என்றாயே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதில் வரும் மந்திரவாதி ரைஸ்ட்லினை நினைத்துப் பார். இருமிக்கொண்டு, கிசுகிசுத்த கரகரப்பில் பேசுவானே, அந்தக் குரலை எழுத்தாளர்கள் மேசையில் தனியாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நாவலுக்கு முன்னால் ஹிக்மன் வீட்டில் நண்பர்கள் கூடி அந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்தார்கள். ரைஸ்ட்லினாக ஆட உட்கார்ந்த நண்பர் திடீரென்று அப்படி ஒரு குரலில் பேசத் தொடங்கினார். பாத்திரம் அந்த நொடியில் பிறந்துவிட்டது. வைஸும் ஹிக்மனும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் இன்றும் வாசகர்கள் மறக்காத ஒரே ஆள் அவன்தான் என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள், அதைப் பிடிக்காதவர்கள் உட்பட.

விளையாட்டு நாவலுக்குக் கொடுக்கிற வரம் இதுதான் என்று நினைக்கிறேன். தனியாக எழுதுகிறவருக்குத் தன் மனம் தராத ஒன்று கிடைப்பது கடினம். மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தால் அவர்களில் ஒருவர் ஏதாவது கோணலாகச் செய்வார், பகடையும் தன் பங்குக்கு எதையாவது கவிழ்த்துப் போடும். எழுதுகிறவர் அதை மதித்து ஏற்றுக்கொண்டால் கதைக்கு உயிர் வருகிறது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது நூலில் அவர்கள் ஆட்டத்தின் தடத்தை விட்டு விலகினார்கள். ஸ்டர்ம் என்ற வீரன் கோட்டை மதிலில் தனியாக நின்று சாகிறான். எந்தப் பூசாரியும் வந்து அவனை எழுப்பவில்லை. நீ அந்த நூலைத் தொடவே இல்லை என்று சந்தேகப்படுகிறேன்.

ஸ்டீவன் எரிக்சனையும் இதே தராசில் வை. 1999இல் 'கார்டன்ஸ் ஆஃப் த மூன்' வந்தது. அந்த உலகத்தை அவரும் இயன் எஸல்மாண்டும் 1980களில் தங்கள் ஆட்டத்துக்காகச் சேர்ந்து உருவாக்கினார்கள். இருவரும் தொல்லியல் படித்தவர்கள், அது தெரிகிறது. ஒரு நகரத்தின் கீழே இன்னொரு நகரம் புதைந்து கிடக்கிறது, யாரும் உனக்கு விளக்கம் சொல்வதில்லை. முதல் நூறு பக்கம் தலை சுற்றும். உனக்குப் பிடிக்கும். எங்கே பிறந்தது என்று சொல்லாமல் கொடுத்திருந்தால் டோல்கீன் பக்கம் அடுக்கி வைத்திருப்பாய்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் இதே தகராறுதான். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் வருகிறார். "மந்திரத்துக்கு விதி வைத்தால் அது மந்திரமில்லை, மின்சாரம்" என்றார். பஸ் ஓட்டுகிற தம்பி ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கி, "விதியில்லாத மந்திரம் ஆசிரியர் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் டோல்கீன் கதை மாதிரி கழுகு அனுப்பிக் காப்பாற்றும் சார்" என்றார். அறையே சிரித்தது. நூலகப் பணியாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ உண்மையிலேயே கோபப்பட வேண்டியது சின்னவன் படிக்கிற வகையைப் பார்த்து. அதில் பகடையை ஒளித்துவைக்கிற நாகரிகம்கூடக் கிடையாது. நாயகன் ஒரு பூதத்தை வெட்டினால் அவன் கண்ணெதிரே பலகை தோன்றி வலிமை இத்தனை, வேகம் இத்தனை, நீ இப்போது அடுத்த நிலை என்று சொல்கிறது. இரண்டு வார விடுமுறையில் அவனோடு உட்கார்ந்து நானும் படித்தேன். விறுவிறுப்புக்குக் குறையில்லை, நள்ளிரவு வரை கீழே வைக்க முடியவில்லை. ஆனால் எண் ஏறுகிறதே ஒழிய இறங்குவதில்லை. நாயகனுக்குப் பகடை எப்போதும் நல்லதாகவே விழுகிறது. இதில் என்னடா பயம் என்று கேட்டேன். "பயிற்சி முகாமில் நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு வருகிறேன், யாராவது ஒருவர் நிலை உயரட்டுமே அம்மா" என்றான். அதற்குமேல் விமர்சனம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. நாவலாக அதை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

பகடையை நாம் யாரும் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்யவில்லை என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். நளன் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். சூதில் எல்லாம் இழந்த தருமனுக்குக் காட்டில் ஆறுதலாகச் சொல்லப்படுகிற கதை அது, சூதில் எல்லாம் இழந்த இன்னொருவனைப் பற்றியது. நாடிழந்து, உருமாறி, தேரோட்டியாக இருக்கிற நளன் தன் எஜமானன் இருதுபன்ன மன்னனை ஏற்றிக்கொண்டு பறக்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். நின்று எண்ணாமலே அதில் எத்தனை காய் என்று மன்னன் சொல்லிவிடுகிறான். பழங்காலத்தில் தான்றிக்காயைத்தான் பகடையாக உருட்டியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள். உடனே இருவரும் பண்டமாற்றுச் செய்துகொள்கிறார்கள்: குதிரை வித்தை உனக்கு, எண் வித்தை எனக்கு. அது கிடைத்ததும் நளனைப் பிடித்திருந்த கலி விலகுகிறான். அந்த வித்தையை வைத்து அவன் மறுபடி ஆடி நாட்டை மீட்கிறான். ஒரு திறமையைக் கொடுத்து இன்னொரு திறமையை வாங்குவதை இன்றைக்கு எந்த ஆட்டத்திலும் பார்க்கலாம், சின்னவனிடம் கேள். ஆனால் நளன் கதையில் பகடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. யார் உருட்டினார்கள், அதற்கு யார் அழுதார்கள் என்று கணக்குத் தீர்க்காமல் கதை முடிவதில்லை. காட்டில் பாதிச் சேலையோடு விடப்பட்ட தமயந்தியின் இரவை எந்த வெற்றியும் அழிக்கவில்லை. நான் தேடுகிற விளையாட்டுக் கதை இப்படி இருக்க வேண்டும்.

மணிமேகலையையும் விட்டுவிட மனமில்லை. உருமாற ஒன்று, வானில் போக ஒன்று, தன் பசி தீர ஒன்று என்று மூன்று மந்திரம் அவளுக்குக் கிடைக்கிறது. கடைசியாகக் கிடைக்கும் அரும்பொருள் வாளா, கேடயமா என்று பார்த்தால், ஊருக்குச் சோறு போடுகிற பாத்திரம்! இதை வைத்து இன்னும் யாரும் ஒரு நல்ல சாகச நாவல் எழுதாமல் இருப்பது நம் ஊர் எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம். நீயாவது எழுதேன். பெர்த்தில் என்னதான் செய்கிறாய்?

இப்போது பெரியவள் விஷயம். சனிக்கிழமை இரவுகளில் அவளும் அலுவலக நண்பர்களும் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருபது முகப் பகடையை உருட்டுகிறார்கள். அவள்தான் கதையை நடத்துகிறாள். நான் பஜ்ஜி போட்டுக் கொடுத்துக்கொண்டே ஒட்டுக்கேட்டேன். பிறகு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். இப்போது எனக்கு ஒரு கோடாலியும் நீளமான ஒரு பெயரும் இருக்கின்றன. டிசம்பரில் உன் அண்ணன் மகள் நிக்காஹ்வுக்கு வரும்போது நீயும் ஆட வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். உனக்கு மந்திரக்காரி வேடம் தரலாமா என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவள், காலையில் படித்த மந்திரம் மாலைவரை தங்காது என்று சொல்லிவிட்டேன். அதனால் உன்னைத் திருடியாகப் போட்டிருக்கிறாள். விரல் வேலை உனக்குப் பழக்கம்தானே.

எந்த விமானம், எந்தத் தேதி என்று சீக்கிரம் எழுது. தங்கச்சி வீட்டில்தான் தங்குவேன் என்று அடம்பிடிக்காதே. சின்னவன் அறை வார நாட்களில் காலிதான். எரிக்சன் புத்தகம் உன் ஊர் நூலகத்தில் கிடைத்தால் வருவதற்கு முன் முதல் நூறு பக்கத்தையாவது தாண்டிவிடு. 'டிராகன்லான்ஸ்' இரண்டாவது நூல் அங்கே பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் எனக்காக வாங்கி வை. பிராஸ் பசா கட்டடத்துக் கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. என் பிரதியில் அட்டையும் போய்விட்டது, ஸ்டர்ம் சாகிற அத்தியாயத்தில் இரண்டு தாளும் போய்விட்டன.

அன்புடன்,
மாலதி