தங்கவயலுக்காக மக்களவையில் கேட்க வேண்டிய கேள்விகள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
கோலார் தங்கவயலைப் பூர்வீகமாகக் கொண்டு பெங்களூரில் குடியிருப்போரும், அங்கிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோவோரும்,
அல்சூர், கிருஷ்ணராஜபுரம், ஒயிட்ஃபீல்டு, பெங்களூர்.

பெறுநர்:
மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள்,
கோலார் மக்களவைத் தொகுதி.

பொருள்: பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் நிலம், கழிவு மேடுகள், தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட லைன் வீடுகள், முன்னாள் தொழிலாளர் ஆவணங்கள் ஆகியவை குறித்து வரும் கூட்டத்தொடரில் எழுத்துபூர்வமாகக் கேள்வி எழுப்பக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மூடப்பட்டது வேலைதான், உடைமை இன்றும் மத்திய சுரங்க அமைச்சகத்தின் கையில்தான் இருக்கிறது. இந்த ஒன்றை மறந்துவிட்டு எழுதப்படும் மனுக்கள்தான் திரும்பி வருகின்றன. தங்கவயலில் குடிநீர் இல்லை, சாக்கடை இல்லை என்று மக்களவையில் கேட்டால், அது மாநில அரசின் பொறுப்பு என்று அவை விதி 41இன்படி கேள்வியே தள்ளுபடியாகும். "சுரங்க நிறுவனத்தின் நிலத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனைக்கு அனுமதி தரப்பட்டது, எஞ்சியவை எந்த அதிகாரியிடம் உள்ளன?" என்று கேட்டால் சுரங்க அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். குறை ஒன்றுதான், யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

கேள்வி நேரம் முடிந்ததும் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசினால் தொலைக்காட்சியில் வரும், ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். ஆனால் அங்கே எழுப்பப்படும் விஷயத்துக்கு அமைச்சர் பதில் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே முதல் வேலையாக நட்சத்திரக் குறியற்ற கேள்விகளைத் தருமாறு கேட்கிறோம். ஒரு நாளுக்கு 230 கேள்விகள் அந்த வகையில் எடுக்கப்படுகின்றன. பதில் எழுத்தில் வரும், எண்களோடு வரும். நோட்டீஸ் 15 முழு நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். வழக்கு நிலுவையில் உள்ள விவகாரம் என்ற காரணம் காட்டித் தட்டிக்கழிப்பதும் உண்டு. சுரங்க நிறுவனத்தின் சொத்துகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், 2013இல் உலகளாவிய டெண்டர் விட வழி திறக்கப்பட்டது என்பது தங்களுக்குத் தெரியும். அதனால் அரசின் கருத்து என்ன என்று கேட்காமல், 2013க்குப் பிறகு எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்பது பாதுகாப்பு.

இப்போது அவசரமானது சயனைடு மேடுகள், அதாவது சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு. 1,003 ஏக்கரில் பரந்து கிடக்கும் 13 கழிவு மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. சுமார் 33 மில்லியன் டன் மண்; டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறுமா என்ற அளவில்தான் தங்கம். அதாவது மலையளவு மண்ணைக் கிளறி, மறுபடி அரைத்து, கரைசலில் ஊறவைத்து, ஏறக்குறைய அதே அளவு சேற்றை எங்காவது கொட்டியாக வேண்டும். எங்கே கொட்டுவார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பழைய மேடுகள் மாவு போல அரைக்கப்பட்ட பாறைத்தூள்; புல் பிடிக்காது, கோடையில் காற்றடித்தால் உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் பக்கமுள்ள லைன் வீடுகளில் படியும், மழையில் ஓடையாய் வழிந்து ஏரிக்குப் போகும். லாரியும் பொக்லைனும் இறங்கினால் தூசி இன்னும் கூடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊரில் எல்லாரும் சயனைடு விஷம் என்றே சொல்கிறோம். அதை மட்டும் கேள்வியில் எழுதினால், மாதிரி எடுத்தோம், சயனைடு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். வெயிலிலும் காற்றிலும் சயனைடு காலப்போக்கில் சிதைந்துபோகும். சிதையாதவை நுண்சிலிக்காத் தூசியும் ஆர்செனிக் முதலான கன உலோகங்களும்தான். எனவே காற்றில் சுவாசிக்கத்தக்க சிலிக்காவின் அளவு, கிணற்று நீரில் கன உலோகங்களின் அளவு, அளவெடுத்த இடம், மாதம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த காற்று மாதிரியை வைத்து ஊர் சுத்தம் என்று சொல்லிவிட முடியும் என்பதால்தான் மாதத்தையும் கேட்கச் சொல்கிறோம்.

ஏலம் நடந்தால் அந்தப் பணத்தில் ஊருக்கு என்ன? 2015 சட்டத் திருத்தத்தின்படி ஏலத்தில் குத்தகை எடுப்பவர் ராயல்டியில் 10 சதவீதத்தை சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காக உள்ள மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தர வேண்டும். பழைய கழிவு மேடுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா, பொருந்தினால் தங்கவயல் நகரம் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதியாகச் சேர்க்கப்படுமா என்பதை ஏல நிபந்தனை அச்சேறும் முன்பே பதிவில் வாங்கிவிட வேண்டும்.

சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் பற்றித் தனிக் கேள்வி தேவை. ஸ்படிகப் பாறையைத் துளைத்தவர்களுக்கு நோய் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். காசநோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. இழப்பீடு கேட்டால் சுரங்கத்தடியில் வேலை பார்த்ததற்குச் சான்று கேட்பார்கள். அந்தப் பணிப்பதிவேடுகள் இன்று எந்தக் கட்டடத்தில், யார் பொறுப்பில் உள்ளன, நகல் கொடுக்க அதிகாரம் பெற்றவர் யார்? ராஜஸ்தான் இந்நோய்க்காக 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது. இங்கே அதற்குக் குறுக்கே நிற்பது பழைய காகிதங்கள்தான். லைன் வீடுகளுக்கும் இப்படியே: மொத்தம் எத்தனை, குடியிருப்பவர் பெயரில் பத்திரம் பதிவானவை எத்தனை, மீதிக்குக் காரணம் என்ன.

ரயில் விஷயத்தைச் சுருக்கமாக வைக்கிறோம். பங்காருபேட்டை முதல் மாரிகுப்பம் வரை ஒற்றைப் பாதை. ஒரு வண்டி தாமதமானால் பின்னால் வருவதும் நிற்கும். 2011-12இல் அனுமதியான மாரிகுப்பம்–குப்பம் புதிய பாதையில் கர்நாடகப் பகுதிக்கும் ஆந்திரப் பகுதிக்கும் நில எடுப்பு எவ்வளவு முடிந்தது என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் சராசரி ஒன்றைத் தந்துவிடுவார்கள்.

பதில் வந்த பிறகுதான் உண்மையான வேலை. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் சொன்னால், அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறக்கூடியது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறாவிட்டால் 15 உறுப்பினர் கொண்ட அரசு உறுதிமொழிக் குழுவுக்குக் கடிதம் எழுதுமாறு வேண்டுகிறோம். பதில் மழுப்பலாக இருந்தால் விதி 55இன் கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். பொது முக்கியத்துவமுள்ள விஷயத்தை அவையில் எழுப்ப உதவும் விதி 377இன் கீழ் 250 சொல்லுக்குள் ஓர் அறிக்கையும் தாருங்கள். அதில் சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் வந்த ஊர் என்ற பெருமையை விட்டுவிடலாம். அதற்கே நாற்பது சொல் போய்விடும், பதிலில் அதையே பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஒரே நாளில் ஐந்து நோட்டீஸ் வரை ஓர் உறுப்பினர் தரலாம். மேற்கண்டவற்றை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 150 சொல்லுக்குள், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதி இத்துடன் இணைத்துள்ளோம். பெங்களூரின் உறுப்பினர்களிடமும் இதே வாசகத்தைக் கொடுக்க இருக்கிறோம். தங்கள் அலுவலகத்தில் இதைக் கவனிக்கும் உதவியாளர் யாரென்று தெரிவித்தால், நோட்டீஸ் கொடுத்த தேதியையும் கேள்வி எண்ணையும் அவரிடமே கேட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள தங்கவயல் குடும்பத்தினர்

இடம்: பெங்களூர்