தந்தி ஆபீஸ் அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மாடியில் ஒழுகுவதைப் பற்றியும் மேலத்தெரு விவகாரம் பற்றியும் பிறகு எழுதுகிறேன்.

நீ படம் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மாஸ்கோவின் நோவோதேவிச்சி இடுகாட்டில் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கல்லறை. வெள்ளைக் கல், மேலே சின்னக் கூரை, கூர்கூராக மூன்று முனை. நீ குனிந்து பனியைத் தட்டிவிடுகிறாய். கையில் கையுறை இல்லை. அந்தக் குளிரில் வெறுங்கையோடு யாராவது கல்லைத் தொடுவார்களா? வலது கை. மோதிர விரலில் வெளிச்சம் பட்டு ஏதோ மின்னுகிறது. காமிராவின் கோளாறாக இருக்கலாம். படத்தை யார் எடுத்தது என்று அம்மா கேட்டாள். போகிற வருகிறவர்களிடம் கொடுத்து எடுத்திருப்பாள் என்றேன். கையுறை இல்லாமல் வெளியே போகாதே.

உன் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1897 ஜூனில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் தான்சென்கோவும் ஸ்லவியான்ஸ்கி பஜார் உணவகத்தில் உட்கார்ந்து பதினெட்டு மணி நேரம் பேசி ஒரு நாடக அரங்கத்தையே முடிவு செய்தார்கள் என்ற பகுதி அருமை. உன்னைப் பார்க்க வந்தவர்களோடு பதினெட்டு நிமிடம் உட்கார முடியாமல் நீ எழுந்து போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அதை விடு. பீட்டர்ஸ்பர்கில் 1896இல் கேலிக்குள்ளான செகாவின் 'கடற்பறவை' நாடகம் இரண்டே வருடத்தில் மாஸ்கோவில் ஜெயித்தது, அந்தக் கடற்பறவையையே அவர்களுடைய அரங்கத்தின் திரையில் போட்டுக்கொண்டார்கள் என்பதையெல்லாம் நான் நாகை புத்தகக் கண்காட்சியில் வாங்கிய புத்தகங்களில் துண்டு துண்டாகத்தான் படித்திருந்தேன். மாஸ்கோவில் அச்சாகி இங்கே சல்லிசாகக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்கள் அவை. அவற்றைப் படித்தவனின் மகள் அந்த ஊரிலேயே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஓய்வூதியம் வாங்கும் வரிசையில் நின்றபடி நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்றை நீ ஒரே வரியில் தாண்டிவிட்டாய். அந்தத் தந்தியை. தந்தி ஆபீசில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவன் கண்ணுக்கு அது தப்புமா?

ரஷ்யாவின் பழைய நாட்காட்டிக் கணக்கில் 1901 மே 25, நம் கணக்கில் ஜூன் 7. செகாவுக்கும் நடிகை ஓல்கா நிப்பெருக்கும் கல்யாணம். நண்பர்களையும் உறவினர்களையும் வேறோர் இடத்தில் விருந்துக்குக் கூட்டி உட்கார வைத்துவிட்டு, இவர்கள் மாஸ்கோவில் ஒரு சின்னச் சர்ச்சில் தாலி கட்டாத குறையாக முடித்துக்கொண்டார்கள். யால்தாவில் இருந்த தாய்க்குத் தந்தி பறந்தது. அன்பு அம்மா, ஆசி கூறுங்கள், திருமணம் செய்துகொள்கிறேன், எல்லாம் முன்போலவே இருக்கும், குமிஸ் குடிக்கப் போகிறேன். குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் குடித்தால் நுரையீரல் தேறும் என்று டாக்டர்கள் சொன்ன காலம். அவரும் டாக்டர்தான்.

'திருமணம் செய்துகொள்கிறேன்' என்பதற்கு ரஷ்ய மொழியில் ஒரே சொல், 'ஜென்யூஸ்' என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். அது ஆண் சொல்வது, பெண் சொல்வதென்றால் இரண்டு சொல் வேண்டும் என்றும் சொன்னாய். இரண்டு சொல்லுக்கு அப்படி ஒன்றும் பெரிய கட்டணம் ஆகாது. 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள், இப்போது கட்டணமே இல்லை.

அந்தத் தாயை நினைத்துக்கொள். தந்திச் சேவகன் சைக்கிளை நிறுத்தினாலே எழவுச் செய்தி என்று மார்பில் அடித்துக்கொள்ளும் கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைவிட நான் செகாவின் தங்கை மாஷாவுக்காகத்தான் அதிகம் வருத்தப்பட்டேன். அண்ணனுக்காகவே வாழ்ந்தவள். கல்யாணமெல்லாம் உனக்கு வீண் அலைச்சல் என்று அதே வாரத்தில்தான் எழுதியிருந்தாள். அதற்குள் முடிந்துவிட்டது. பல வருடத்துக்கு முன் அவளை ஒருவர் கேட்டு வந்தபோது நடந்தது உனக்குத் தெரியுமே. மணக்கலாம் என்றிருக்கிறேன் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் வாயைத் திறக்கவில்லை. சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அவள் போய் வந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எவ்வளவு பெரிய எழுத்தாளர், தங்கைக்கு ஒரு வார்த்தை எழுதிக்கொடுக்கவில்லை. அப்புறம் நாத்தனாரும் அண்ணியும் ராசியாகி, 1957இல் இறக்கும்வரை மாஷா யால்தா வீட்டைக் கட்டிக் காத்தாள்.

நான் எப்போதும் மாஷாவின் கட்சி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் பேசியபோது லீவில் அஸ்தாபோவோ போகப்போவதாகச் சொன்னாய். நான் சட்டென்று மாடி ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காரணம் சொல்கிறேன்.

1910 அக்டோபர் கடைசியில், பழைய கணக்குப்படி 28, டால்ஸ்டாய் எண்பத்திரண்டு வயதில் விடியுமுன் வீட்டைவிட்டுப் போனார். ரயிலில் காய்ச்சல் கண்டு அஸ்தாபோவோ என்ற அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறக்கி, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் படுக்க வைத்தார்கள். கூட இருந்தவர்கள் மனைவிக்குச் சொல்லவில்லை. சோஃபியாவுக்குத் தந்தி அடித்தது ஒரு பத்திரிகை நிருபர். தனி ரயில் பிடித்து வந்தவளைப் பிள்ளைகளும் டால்ஸ்டாயின் சீடர் செர்த்கோவும் உள்ளே விடவில்லை. பார்த்தால் அவருக்கு அதிர்ச்சியாகிவிடுமாம். நாற்பத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவருக்கு நினைவு தப்பிய பிறகு கதவைத் திறந்தார்கள்.

பாட்டி போனபோது மழையில் கம்பி அறுந்து அத்தைக்குத் தந்தி போகவில்லை என்ற கதையைச் சின்ன வயதில் நீ திரும்பத் திரும்பக் கேட்பாய். கம்பி அறுந்தது உண்மை. அது அறுந்தது வெள்ளிக்கிழமை இரவு. நான் படிவம் எழுதியது புதன்கிழமை காலை. 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.' ஊருக்கெல்லாம் அனுப்பிய நாலு சொல். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அத்தை மாமாவோடு மதுரைக்குப் போய் அப்போது ஆறு வருடம். புதன்கிழமை மாலை பாட்டி, அவள் வந்தாளா என்று கேட்டார். தந்தி கொடுத்திருக்கிறேன் என்றேன். வியாழக்கிழமையும் கேட்டார். வெள்ளிக்கிழமை கேட்கவில்லை.

அத்தைக்குச் சேதி சொன்னது ஒரு மீன் லாரிக்காரர். சனிக்கிழமை வந்து வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றதுதான் உனக்குத் தெரியும். கழற்றச் சொல்லி யாரும் அழைக்கவில்லை என்பது தெரியாது. அழைக்க வேண்டியவன் நான்தான். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. தெரியும் என்றும் சில நேரம் தோன்றுகிறது.

நேற்று மதுரைக்குப் போன் செய்தேன். மாமா எடுத்தார். அங்கே மழை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். வைத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பருப்புப் பொடியும் ஊறுகாயும் பார்சலில் வருகின்றன. இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு அம்மா கட்டிவிட்டாள், கெட்டுப்போகாது. கையுறை இல்லாமல் வெளியே போகாதே. ஊட்டிக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கியிருக்கிறோம். முதலில் உன் பழைய அளவைத்தான் அம்மா சொன்னாள். விரலில் இறுக்கும், ஓர் அளவு பெரியதாகக் கேள் என்று நான் சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

அப்பா