கபினிக்கு முன்னால் கொள்ளுக்குடிப்பட்டி

அன்புள்ள மாப்பிள்ளை,

கேமரா வாங்கிய கையோடு கர்நாடகத்துக் கபினிக் காட்டுக்குப் புலி பார்க்கக் கிளம்புகிறாயாமே, உன் அம்மா சொன்னது. தாராளமாகப் போய் வா. ஆனால் மதுரையில் இருந்துகொண்டு, மேலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற கண்மாயைப் பார்க்காமல் அவ்வளவு தூரம் போகிறாயே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவித்தார்கள். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள், எல்லாம் சேர்த்து 38 ஹெக்டேர் சொச்சம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்து கண்மாய் பெருகிவிட்டால், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் பாம்புத்தாராவும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டும். மழை பொய்த்த வருஷம் ஒன்றும் இருக்காது. விசாரித்துக்கொண்டு போ.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குஞ்சுகள் மிரண்டுவிடும் என்று தலைமுறையாக இப்படித்தான். வருஷா வருஷம் வனத்துறை இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. சின்னப் பிள்ளைகள்கூட விட்டுக்கொடுத்திருக்கிற இடம் அது. அதனால் இறங்கியதும் லென்ஸைத் தூக்காதே. ஊர்க்காரர்களிடம் நாலு வார்த்தை பேசு. எந்த மரத்தில் குஞ்சு பொரித்திருக்கிறது, எப்போது கரையில் வெயில் சரியாக விழும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

நத்தைகுத்தியை மட்டும் பொறுமையாக உட்கார்ந்து பார். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். வயலில் நத்தையைப் பிடித்தால் அதன் ஓடு நொறுங்கும்படி உடைக்காது. கீழலகின் நுனியை நத்தையின் வாயை அடைத்திருக்கும் மூடிக்குள் செருகி, சதையை அறுத்து, முழுசாக உருவி எடுத்துவிடும். இது எல்லாமே சில நொடியில் முடிந்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியைவிட மெதுவாக வைக்காதே. கருவேல மர இருட்டுக்கு முன்னால் வெள்ளைப் பறவை நிற்கும்போது கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகெல்லாம் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை நீதான் ஒரு படி குறைக்க வேண்டும்.

கூட்டுக்குக் கிட்டே மட்டும் போகாதே. ட்ரோன் பேச்சே வேண்டாம். தாய்ப்பறவை எழுந்து போனால் வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும், காக்கையும் காத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நல்ல படமானாலும் அது நமக்கு வேண்டாம்.

இதே சீமையில் மேலூர், சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்க் கண்மாய்களுக்குக் கோடையில் போ. தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். பெரியவர்கள் கரையில் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தச் சனமும் உள்ளே இறங்கும். ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையைச் சேற்றில் அழுத்திக் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவார்கள். விரால் சிக்கியதை அந்த ஆளின் முகமே சொல்லிவிடும். எடுக்க வேண்டியது அந்த முகத்தைத்தான். பெரிய லென்ஸ் வேண்டாம், கேமராவோடு வந்த கிட் லென்ஸே போதும். கேமராவைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொள். பிடித்த மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள். அப்படிச் செய்தால் அடுத்த வருஷம் நல்ல மழை வரும் என்பது நம்பிக்கை. அந்த மழை வந்தால்தான் நாரையும் வரும். பறவைப் படம், திருவிழாப் படம் என்று நீ தனித்தனி ஆல்பம் போட்டிருப்பதைப் பார்த்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டுக்கும் கண்மாய்தான் ஆதாரம்.

தை மாதம் திருப்பத்தூர் பக்கத்துச் சிராவயலில் மஞ்சுவிரட்டு இருக்கிறது. அங்கே பொட்டலுக்குள் இறங்கிவிடாதே. தொழுவிலிருந்து வரும் மாடு தவிர, வெளியிலேயே கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம் குத்துப்படுகிறார்கள். உயரமான இடம் கிடைத்தால் எடு, இல்லாவிட்டால் பார்த்துவிட்டு வா.

இந்த வருஷம் மழை நன்றாக இருக்கிறது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, நானும் கூட வருகிறேன். விடியுமுன் கரையில் இருக்க வேண்டும், சனி இரவே இங்கே வந்து தங்கிவிடு. புது லென்ஸ் எதுவும் அதற்குள் வாங்க வேண்டாம், என்னுடையதைத் தருகிறேன்.

அன்புடன்,
மாமா