செவிலியர் கண்டதைச் செவிலியரே எழுதட்டும்

தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும் ஆய்வு வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் செவிலியர் நான். மஞ்சள் காமாலை கண்ட குழந்தையைக் கண் மறைத்து நீல விளக்கின் கீழ் கிடத்துவது எங்கள் அன்றாட வேலை. அந்தச் சிகிச்சைக்கு வித்திட்டவர் ஒரு செவிலியர் என்பது நம் மாணவிகள் பலருக்குத் தெரிவதில்லை.

1956, இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகளின் பொறுப்புச் செவிலியர் ஜீன் வார்ட், வெயில் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார். உடல் வெளிறியிருந்தது, துணியின் மூலை மறைத்திருந்த முக்கோண இடம் மட்டும் அடர்மஞ்சள். வெயில்தான் காரணம் என்று அவர் கருதினார். பின்னர், வெயிலில் கிடந்த ஒரு ரத்த மாதிரியிலும், காமாலையில் உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறமி குறைந்திருந்தது. 1958இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. கிரெமர், பெர்ரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவர் பெயரில். ஜீன் பெயர் அந்த வரிசையில் இல்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

அதே நாட்டில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் ஆய்வுக்குள்ளேயே நுழைந்தார். படுக்கைப்புண்ணுக்கு எதையெதையோ தடவிக்கொண்டிருந்த காலம் அது. முதியோரைப் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தைக் குறைப்பதே பலன் தருகிறது என்று 1962இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, கழிவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, யாருக்குப் புண் வரும் என்று முன்னரே கணிக்கும் அளவுகோலும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 'நல்ல கை' என்று புகழப்பட்ட அனுபவம், கற்பிக்கவும் சரிபார்க்கவும் கூடிய அறிவானது இப்படித்தான்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946இலேயே செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கிய மாநிலம் நம்முடையது. ஆனாலும் முதுகலை ஆய்வேடுகளில் பெரும்பாலும் போதனைக்கு முன் ஒரு வினாத்தாள், பின் ஒரு வினாத்தாள். மதிப்பெண் கூடியது என்ற முடிவு நூலகத்தோடு நின்றுவிடுகிறது. மாணவிகளின் உழைப்பை இப்படி வீணாக்கலாமா?

தலைப்பை நோயாளியின் படுக்கையருகிலிருந்து எடுங்கள். கேள்வியைத் தந்த செவிலியரைக் கட்டுரை ஆசிரியராகச் சேருங்கள். முடிவை அந்தப் பிரிவுக்கே வந்து சொல்லுங்கள். தரவு எடுப்பதைப் பணிநேரமாகக் கணக்கிடும்படி மருத்துவமனை நிர்வாகங்களிடம் எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

சுவாசக் குழாய் பொருத்திய குறைமாதக் குழந்தைகளுக்கு மூக்குத் தோல் புண்ணாகிறது. எதை அடியில் வைத்தால், எத்தனை மணிக்கு ஒருமுறை தளர்த்தினால் அது குறையும்? இந்த ஆண்டே ஒரு மாணவியை இந்தக் கேள்வியோடு அனுப்புங்கள். அளக்கவும் குறித்துவைக்கவும் மூன்று ஷிஃப்டிலும் நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
ஓர் அரசு மருத்துவமனைச் செவிலியர்